மூன்று பரிகாரமும் ஒரு மெழுகுதிரியும்

சனிக்கிழமை காலை பாவசங்கீர்த்தனம் செய்யக் கிளம்பியபோது பல்செட்டுக்காரர் கைவசம் இருந்த பாவங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, மனைவி மேல் கோபம். இன்னொன்று, தங்கை மேல் கோபம். வேறு பாவம் செய்ய அந்த மனிதருக்கு நேரம் எங்கே? இரண்டு பேருக்கும் நடுவில் தூது போவதற்கே பொழுது சரியாக இருந்தது.

சென்ற வாரங்களில் இந்த வீட்டுப் பக்கம் வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வந்தவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

பல்செட்டுக்காரர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்கிறவர். மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மாடியறையில் இருக்கும் தங்கை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஒரே கூரைக்குக் கீழே முக்கால்வாசி ஆஸ்பத்திரி என்று கோயில் பங்கு மக்கள் கேலி செய்வார்கள். ஆனாலும் அந்த ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷமாக ஒரு சண்டை கிடையாது.

திருவருகைக்காலம் வந்தது, வம்பும் கூடவே வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கும் பீடத்தின் பக்கத்தில் பச்சை இலை வளையம் வைத்து, அதில் நான்கு மெழுகுதிரி நிறுத்துவார்கள். வாரம் ஒன்றாக ஏற்ற வேண்டும். மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ரோஸுக்கு முறை மூன்றாவது ஞாயிறு. தவமும் ஜெபமும் போதும், விழா பக்கத்தில் வந்துவிட்டது, கொஞ்சம் சிரியுங்கள் என்று திருச்சபையே சொல்லும் நாள் அது. மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் பொடிசுகளுக்குக்கூட இது தெரியும்.

வளையம் கட்டுவது வருஷா வருஷம் தங்கையின் வேலை. இந்த வருஷம் முதல் திரியை ஏற்றும் மரியாதையைப் பங்குச்சாமியார் அண்ணிக்குக் கொடுத்தார். அண்ணி அதற்கென்றே ரோஸ் சேலை எடுத்தாள். ரோஸ் தோடு, ரோஸ் வளையல். மகாராணி மாதிரி நடந்து போனாள். நேரே போய் ரோஸ் திரியை ஏற்றிவிட்டாள்.

அதுதான் கைக்கெட்டிய பக்கம் இருந்தது என்பது அவள் கட்சி. சேலைக்குப் பொருத்தமாக இருந்தது என்பது தங்கையின் கட்சி. இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பது பல்செட்டுக்காரரின் கருத்து. உயிர்மேல் ஆசை இருந்ததால் அதை அவர் வெளியே சொல்லவில்லை.

ஏற்றியதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பாடகர் குழுவில் நின்றிருந்த தங்கை, வாய் தவறி, "ஐயோ அண்ணி, அது இல்ல!" என்று கத்திவிட்டாள். மைக் திறந்திருந்தது. கோயில் முழுக்க, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும், கேட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால், "கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்கே கலர் தெரியலையா?" என்று ஒருவர் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலமே அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்றது. அடுத்த வாரம் தங்கை தான் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துவிட்டாள். சாமான் ஏற்ற வேன் நாளை, மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்ததும் வருகிறது. சென்ற வாரம் நாம் இங்கேதான் நிறுத்தினோம்.

அப்பா அம்மா போன பிறகு பல்செட்டுக்காரருக்குக் கூடப்பிறந்தவள் என்று இருப்பது அவள் ஒருத்திதான். மாடியில் அவள் நடக்கும் சத்தம் கேட்காத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போகாதே என்று சொல்லிப் பார்த்தார். "அண்ணி சொல்லட்டும்," என்றாள் தங்கை. மனைவியிடம் போனார். "நானா போகச் சொன்னேன்? நான் எதுக்கு இருக்கச் சொல்லணும்?" என்றாள் மனைவி. அவர் முன்னறைக்குப் பொய்ப்பல் ராவப் போய்விட்டார்.

சரி, கோயிலுக்கு வருவோம்.

திருவருகைக்காலப் பாவசங்கீர்த்தனத்துக்குப் பக்கத்துப் பங்கிலிருந்து ஒரு சாமியார் வந்திருந்தார். வலப்பக்கப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் சொந்தப் பங்குச்சாமியார் தனியாக உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் விருந்தாளிச் சாமியாரின் வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. காரணம் கேட்க வேண்டுமா? சொந்தச் சாமியாருக்குக் குரலை வைத்தே ஆளைத் தெரியும். மறுநாள் அவர் சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னால் யாருக்குத் தூக்கம் வரும்?

வரிசையில் மனைவி முன்னால், தங்கை பின்னால், நடுவில் பல்செட்டுக்காரர்.

"ஏங்க, உங்க தங்கச்சிய இடிக்காம நிக்கச் சொல்லுங்க," என்றாள் மனைவி, திரும்பாமல்.

"அண்ணே, நான் இடிக்கலன்னு சொல்லு. நடுவுல நீ நிக்கும்போது நான் எப்படி இடிக்க முடியும்?"

"அப்ப நீங்கதான் இடிச்சீங்களா?" மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"பாவசங்கீர்த்தனத்துக்கு நிக்கிறோம். செஞ்ச பாவத்துக்குக் கொஞ்சம் மனஸ்தாபப்படுங்க ரெண்டு பேரும்," என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு. சொந்தப் பல்லைத்தான்.

மனைவி உள்ளே போய் முழந்தாளிட்டவள் லேசில் எழுந்திருக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிக் கடையில் அப்படி என்னதான் நடக்கிறது என்று ஒரு பாட்டியம்மா வாய்விட்டே கேட்டுவிட்டாள். கடைசியில் மனைவி வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல், எதையோ மனசுக்குள் கணக்குப் போட்டபடி நடந்து போனாள்.

பல்செட்டுக்காரர் முழந்தாளிட்டுத் தன் இரண்டு கோபங்களையும் ஒப்புவித்தார்.

"யார் மேல கோபம்?" என்றது கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த குரல்.

"வீட்டுல இருக்கறவங்க மேலதான் சாமி."

"எல்லாருக்கும் அங்கதான்ப்பா. காலையிலேர்ந்து கேட்டுட்டிருக்கேன், ஒருத்தருக்காவது வெளியூர்க்காரன் மேல கோபம் இல்ல." சாமியார் பெருமூச்சு விட்டார். "நாளைக்குப் பூசைக்கு முன்னால அவங்களுக்கு ஒரு நல்லது செய். உன் கையாலயே செய்யணும். ஏன் செய்யறேன்னு சொல்லக் கூடாது. சொன்னா அது விளம்பரம். இதுதான் உனக்குப் பரிகாரம்."

"ரெண்டு பேர் இருக்காங்க சாமி. தனித்தனியா செய்யணுமா?"

"சேத்துச் செய்ய முடிஞ்சா நீ கெட்டிக்காரன்."

அடுத்து தங்கை போனாள். அவளும் கணக்குப் போட்டபடிதான் வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அதிசயங்கள் ஆரம்பித்தன.

முதலில், மனைவி டீ போட்டு, தங்கைக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாகப் போட்டு, மாடிப்படியில் வைத்துவிட்டு ஓடி வந்தாள். பல்செட்டுக்காரர் தன் கண்ணையே நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் டம்ளர் அப்படியே இறங்கி வந்தது.

"அண்ணே, எனக்கு யாரும் டீ போட வேணாம்னு சொல்லு."

மனைவியின் முகம் விழுந்துவிட்டது. டீயைக் குடிக்காததற்கு இவள் ஏன் பரீட்சையில் தோற்ற மாதிரி நிற்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

பிறகு தங்கை வாசலில் உட்கார்ந்து அண்ணியின் செருப்பைத் துடைத்துப் பளபளவென்று பாலிஷ் போட்டாள். மனைவி வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பழைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். தங்கை துடைத்த துணியைத் தரையில் அடித்தாள்.

அடுத்தது தங்கையின் வேலைக் கோட்டு. கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை மனைவி எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை ஓடி வந்து பாதியிலேயே உருவிக்கொண்டு போனாள். ஒரு கை மடிப்புக் கலையாமலும் ஒரு கை கசங்கியும் அது மாடியேறியது.

பல்செட்டுக்காரருக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

அடப்பாவிகளா! இவர்களுக்கும் அதே பரிகாரம். இரண்டு பேருக்கும் மற்றவளுக்கு நல்லது செய்தே ஆக வேண்டிய அவசரம். இரண்டு பேருக்கும் மற்றவளிடமிருந்து நல்லதை வாங்கிக்கொள்ள மனசில்லாத பிடிவாதம். செய்யாமல் போனால் நாளைப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எப்படி வரிசையில் நிற்பது? அந்த பயம் அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. சொல்லிவிடலாம் என்றால், காரணம் சொல்லக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

அவர் பரிகாரமும் பாக்கி இருந்தது. தங்கையின் பெரிய பெட்டியில் ஒரு சக்கரம் கழன்று போயிருப்பது அவருக்குத் தெரியும். மாடிக்குப் போய், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, திருப்புளியால் சக்கரத்தை மாட்ட ஆரம்பித்தார். அறையெங்கும் அட்டைப்பெட்டிகள். பாதி முடுக்கும்போதுதான் உறைத்தது, தான் செய்துகொண்டிருப்பது அவளை வீட்டை விட்டு உருட்டிக்கொண்டு போக வசதி செய்யும் வேலை என்று. மாட்டின சக்கரத்தைத் திரும்பக் கழற்றினார்.

"என்ன அண்ணே பண்றே?" என்றாள் வாசலில் நின்ற தங்கை.

"சக்கரம் சரியில்ல. இதை வச்சுக்கிட்டு எங்கயும் போக முடியாது," என்றார். சக்கரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். நல்லது செய்யப் போய்த் திருட்டில் முடிந்தது.

தங்கை அதற்குப் பிறகு கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். பல்செட்டுக்காரர் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக்குப் போய்க் கீழ்வரிசைப் பல்லைக் கொடுத்து, கடித்துப் பார்க்கச் சொல்லி, உறுத்துகிற இடத்தை ராவிக் கொடுத்து முடித்து வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முன்னறையில் விளக்கு எரிந்தது. மெழுகு உருகும் வாசனை தெருவரைக்கும் வந்தது.

உள்ளே மனைவி அவருடைய வேலை மேஜையில் குனிந்திருந்தாள். ஸ்பிரிட் விளக்கின் மேல் பால் காய்ச்சும் பாத்திரம். பாத்திரத்துக்குள் அவருடைய ரோஸ் மெழுகுத் தகடுகள் கொழகொழவென்று உருகிக்கொண்டிருந்தன. பொய்ப்பல்லுக்கு ஈறு வடிவம் பிடிக்க அவர் வைத்திருக்கும் மெழுகு அது.

"அது என் ஈறு!" என்று அலறினார் அவர்.

"கத்தாதீங்க. ஒரு திரிக்கு மட்டும்தான். அந்த ரோஸ் திரி காத்துல வழிஞ்சு, குட்டையாகி, கழுத்து சாஞ்சு கெடக்கு. கடையில கேட்டா ரோஸ் தனியா கிடையாதுங்கறான்."

"அதுக்கு?"

"காரணம் கேக்காதீங்க!"

அந்த நேரம் பார்த்துத் தங்கை உள்ளே வந்தாள். அவள் கையில் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் அதே கழுத்து சாய்ந்த ரோஸ் திரி, கோயில் வளையத்திலிருந்து பிடுங்கி வந்தது.

"அண்ணே, கொஞ்சம் ரோஸ் மெழுகு குடேன்..." என்று ஆரம்பித்தவள் பாத்திரத்தைப் பார்த்தாள். பாத்திரத்துக்குப் பின்னால் அண்ணியைப் பார்த்தாள்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க. இது நான் செய்யறேன்," என்றாள் மனைவி.

"அண்ணே, இது என் வளையம். நான்தான் செய்யணும்னு சொல்லு."

"வளையம் அவளோடது, தப்பு என்னோடது. அதனால நான்தான் செய்யணும்."

"உங்களுக்காக நான்..." தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆத்திரத்தில் அண்ணனை விட்டுவிட்டு நேராகவே பேசிவிட்டாள். ஆரம்பித்தது ஆரம்பித்துவிட்டது. "அண்ணி, தயவுசெஞ்சு தள்ளுங்க. நான் இதைச் செஞ்சே ஆகணும்."

"நானும் செஞ்சே ஆகணும்."

"ஏன்?"

"சொல்லக் கூடாது."

"எனக்கும் சொல்லக் கூடாது!"

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டீயும் செருப்பும் இஸ்திரிக் கோட்டும் ஒவ்வொன்றாக அவர்கள் மனசில் வந்து போவது முகத்தில் தெரிந்தது.

"அந்த வெளிப் பங்குச் சாமியாரா?" என்றாள் மனைவி மெதுவாக.

தங்கை தலையாட்டினாள்.

பல்செட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷத்தில் வாயை விட்டார். "எனக்கும் அதேதான்!"

இரண்டு பேரும் ஒன்றாக அவர் பக்கம் திரும்பினார்கள்.

"உங்களுக்கு யார் மேல கோபம்?" என்றாள் மனைவி.

"அண்ணே, யார் மேல?" என்றாள் தங்கை.

இரண்டு வாரத்தில் அவர்கள் சேர்ந்து கேட்ட முதல் கேள்வி அது. பதில் சொன்னால் கொலை விழும் என்று அவருக்குத் தோன்றியது. "மெழுகு தீயுது பாருங்க!" என்று பாத்திரத்தை இறக்கினார்.

அதற்கு மேல் அவர் பேசவில்லை, கையைப் பேச விட்டார். வீட்டில் இருந்த வெள்ளை மெழுகுதிரி ஒன்றை எடுத்தார். பல் அச்சு எடுக்கும் மாவைக் குழைத்து, திரியைப் பாதி புதைத்து, இறுகியதும் சோப்புத் தண்ணீர் தடவி, மேல் பாதியையும் ஊற்றி அச்செடுத்தார். வெள்ளைத் திரியை உடைத்து உள்ளே இருந்த நூலை உருவினார்கள். அச்சுக்கு நடுவில் நூல் நேராக நிற்க வேண்டும், இம்மி அசைந்தாலும் திரி கோணும். அதைத் தங்கை பிடித்தாள். குழந்தைகள் கையில் ரத்தநாளம் தேடிப் பழகின அந்த விரல்கள் ஆடவில்லை. "இடப்பக்கம் கொஞ்சம். ரொம்பப் போயிட்டே. ஆங், அங்கேயே இரு," என்று மனைவி ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். தூது இல்லாமல், நேராக, அவளிடமே சொன்னாள். அவர் ஊற்றினார்.

ஆறும் வரை மூன்று பேரும் அச்சைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு அந்தக் கோணத் திரியப் பாத்தா எல்லாரும் மறுபடி உங்களைத்தான் சொல்லிச் சிரிப்பாங்க. அதான்," என்றாள் தங்கை, அச்சைப் பார்த்தபடியே. "அன்னிக்கு மைக் போட்டிருந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி."

மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"அந்தச் சேலைய நான் இனிமே கட்டவே மாட்டேன்," என்றாள் கடைசியில்.

"ஏன், நாளைக்குத்தான் அதுக்கு நாளு. சாமியாரே ரோஸ் உடுப்புதான் போடுவாரு."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கைக்கும் வந்தது. பல்செட்டுக்காரருக்கு அழுகைதான் வந்தது. அதை மறைக்க அச்சைப் பிரித்தார்.

திரி முழுசாக, நிமிர்ந்து வெளியே வந்தது. மனைவி அதை விளக்கில் காட்டி, தொழில்முறையில் நிறம் பார்த்தாள்.

"ரோஸ்தானே?" என்றார் அவர்.

"ஈறு ரோஸ்," என்றாள் அவள். "பரவாயில்ல. தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது."

"ஏத்தினா பல்லாஸ்பத்திரி வாசனை வரும். கோயில்ல எல்லாரும் வாயைத் திறந்துகிட்டு உக்காரப் போறாங்க," என்றாள் தங்கை.

"யார் கையால செஞ்சதுன்னு கணக்கு?" என்று கேட்டார் அவர்.

"மூணு பேரு கையும் பட்டிருக்கு. மூணு பேருக்கும் தீந்துது," என்றாள் மனைவி. மூவரும் ஒத்துக்கொண்டார்கள். விருந்தாளிச் சாமியாரும் ஒத்துக்கொண்டிருப்பார்.

தங்கை எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "சரி, நான் மேல போறேன். காலையில பூசை முடிஞ்ச உடனே வேன் வந்துடும். இன்னும் பாதி சாமான் கட்டல."

அவர் நினைத்தது வேறு. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தார். சட்டைப்பைக்குள் கையை விட்டு அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

தங்கை மாடிப்படியில் கால் வைத்தாள்.

"இரு," என்றாள் மனைவி.

தங்கை நின்றாள்.

"பரிகாரம் முடிஞ்சுதுல்ல?"

"முடிஞ்சுது அண்ணி."

"இனிமே சாமியாருக்கு நாம எதுவும் பாக்கி இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப இது யாரும் சொல்லிக் குடுத்துச் சொல்றது இல்ல. நானா சொல்றேன்." மனைவி படியருகே வந்து நின்றாள். "போகாத."

தங்கை திரும்பிப் பார்த்தாள். விரலில் ஒட்டியிருந்த ரோஸ் மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டே படியேறிப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கணவனும் மனைவியும் மேலே பார்த்தபடி நின்றார்கள்.

பிறகு கேட்டது, கர்ரென்று, அட்டைப்பெட்டி டேப்பின் சத்தம்.

மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஏங்க, ஒட்டுறாளா, பிரிக்கிறாளா?"

அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். டேப்பை உருளையிலிருந்து இழுத்தாலும் அந்தச் சத்தம்தான், பெட்டியிலிருந்து உரித்தாலும் அந்தச் சத்தம்தான்.

"தெரியலையே," என்றார். மாடியில் மறுபடியும் கேட்டது.